சனிக்கிழமை மட்ச்சை வெள்ளிக்கிழமையே கணிப்பது எப்படி

“அண்ணை, சனிக்கிழமை எப்படி?” இந்தக் கிழமை கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ரியூப் ஒட்ட வருகிறவர், பிறேக் கட்டை மாற்ற வருகிறவர், ஒரு வேலையும் இல்லாமல் வாங்கில் வந்து குந்தி பிளேன்ரீ குடிக்கிறவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரு உதைபந்தாட்ட மட்ச்சை நான் எப்படிக் கணிக்கிறேன் என்பதையே எழுதி வைக்கிறேன். இனி நீங்களே பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் சைக்கிள் திருத்துகிற ஆள் நான். பள்ளிக்கூடப் பந்துகளுக்குக் காற்றடித்துக் கொடுப்பதும் நான்தான். விளையாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை கல்லூரி அணியில் இறக்கினார்கள், அதுவும் ஒருவனுக்கு அம்மாள் வருத்தம் வந்ததால். ஆனால் பார்ப்பதில் நான் பழையவன். மீளக்குடியேறி வந்த புதிதில் கோல் கம்பத்துக்குப் பதிலாக இரண்டு காட்டுத்தடியை நட்டு ஆடினார்களே, அன்றிலிருந்து ஒரு மட்ச் விடவில்லை.

சனிக்கிழமை எங்கள் கல்லூரிக்கும் மன்னாரிலிருந்து வருகிற ஒரு கல்லூரிக்கும் ஆட்டம், 20 வயதுக்குட்பட்டோர். சிநேகபூர்வ ஆட்டம் என்றுதான் பெயர்; போன தடவை சிநேகம் எவ்வளவு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெடியளின் பெயர் ஒன்றும் எழுத மாட்டேன். தங்கள் பெயரை எங்கேயாவது கண்டால் அடுத்த பயிற்சிக்குப் புதுசாகத் தலைமயிர் வெட்டிக்கொண்டு வருவார்களே தவிர, ஓட மாட்டார்கள்.

முதலில் ஒன்று. கணிப்பது என்றால் மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்குப் பூச்சியம் என்று இலக்கம் சொல்வதில்லை. அதை லொத்தர் விற்கிறவரும் சொல்வார். எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தால், யாருடைய கால் களைத்து ஆட்டம் உடையும் என்று சொல்லத் தெரிய வேண்டும். இலக்கம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

போன வருடத்து ஸ்கோரை மறந்துவிடுங்கள்

எல்லோரும் செய்கிற பிழை இது. “போன வருசம் மூன்று அடிச்சனாங்கள், இந்த முறையும் அடிப்பம்.” அந்த மூன்றையும் அடித்தவன் இப்போது கட்டாரில் ஏசி பூட்டுகிறான். அவனுக்குப் பந்து கொடுத்தவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பெரிய கிளப் என்றால் ஒரே ஆட்கள் ஐந்தாறு வருடம் சேர்ந்து ஆடுவார்கள், பழைய கணக்கு ஓரளவு உதவும். பள்ளிக்கூட அணிக்கு ஆயுள் இரண்டு வருடம். சேர்ட்டின் நிறம் மட்டும்தான் மாறாமல் இருப்பது.

பழைய ஸ்கோருக்குப் பதிலாக ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆடப்போகிறவர்களின் பட்டியல் இல்லை, வராமல் போகக்கூடியவர்களின் பட்டியல். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடியில் இதே வாங்கில் இருந்து, “தோற்றால் ஒரு கிழமைக்கு ஒட்டுக் காசு வாங்கமாட்டன்” என்று சவால் விட்டேன். முன்வரிசையில் மூன்று பேர் முயல் மாதிரி ஓடுகிறார்கள், தோற்கச் சான்ஸே இல்லை என்று நினைப்பு. ஆட்டம் தொடங்கும்போது பார்த்தால் நடுப் பின்வரிசையில் நிற்கிற நெட்டைப் பெடியனைக் காணவில்லை. வீட்டில் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் செய்த சிறுபோகம் வெட்டியாகிவிட்டது, நெல்லை வீதியில் காயப் போட்டிருக்கிறார்கள், மழை இருட்டுகிறது, தகப்பன் விடவில்லை. யார் விடுவார்? ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். கோணர் கிக்கில் வந்த பந்து, தலையால் தட்டிவிட ஆளில்லை. அந்தக் கிழமை நெருஞ்சி நன்றாகக் காய்ந்து கிடந்த நேரம். 37 ஒட்டு, சும்மா போட்டுக் கொடுத்தேன். அதில் ஏழெட்டு வேறு ஊர்ச் சைக்கிள் என்பது என் சந்தேகம்.

அதனால் ஒவ்வொரு பெடியனுக்கும் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். வீட்டில் வெட்டு நடக்கிறதா? உயர்தரம் எடுக்கிறவனா, சனிக்கிழமை பின்னேரம் ரியூசன் இருக்கிறதா? ஊரில் அவர்களுடைய கோயில் திருவிழாவா? போன மட்ச்சில் கணுக்கால் பிரண்டதா? பதினொரு பேரில் இரண்டு பேருக்கு “ஓம்” என்று வந்தால் பரவாயில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் கோலுக்கு முன்னால் நேராக நிற்கிறவர்களாக இருந்தால் வாயைத் திறக்காதீர்கள். முன்வரிசைக்கு மாற்றாள் கிடைப்பான். கோல் அடிக்க ஆசையில்லாத பெடியன் எந்த ஊரிலும் இல்லை. பின்னால் நின்று அடி வாங்க ஆள் கிடைக்காது.

பயிற்சியை எப்படிப் பார்ப்பது

செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று என்று இரண்டு தரமாவது போய்ப் பாருங்கள். முதல் அரை மணித்தியாலத்துக்குப் போகத் தேவையில்லை. அது கோலுக்கு அடித்துப் பார்க்கிற நேரம், எல்லோரும் வீரர்கள். கடைசிக் கால் மணித்தியாலத்துக்குப் போங்கள்.

அப்போது பந்தைப் பார்க்க வேண்டாம். பந்தை இழந்தவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? இரண்டு கையும் முழங்காலுக்குப் போய்விட்டால் அவனிடம் இனிச் சரக்கில்லை. எத்தனை பேருக்குக் கை முழங்காலுக்குப் போகிறது, எந்த நிமிடத்தில் போகிறது என்று கணக்கெடுங்கள். சனிக்கிழமை அதே நிமிடத்துக்குக் கொஞ்சம் முந்தித்தான் அது நடக்கும். ஆட்டத்தன்று பதற்றமும் சேர்ந்து களைப்பாக்கும்.

எங்கள் பெடியளுக்கு இதில் ஒரு பெரிய குறை உண்டு, அதற்குக் காரணம் பஸ். குமுழமுனையிலிருந்தும் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் பாவம், எவ்வளவு ஆசையிருந்தாலும் பயிற்சியை நேரத்துக்கு முந்தி முடிக்கிறார். பயிற்சியிலே ஓடாத கடைசி இருபது நிமிடம் மட்ச்சிலே எங்கிருந்து வரும்? பக்கத்திலேயே வீடு உள்ளவர்கள் இருட்டும்வரை நின்று ஆடுவார்கள். ஆகவே எந்தப் பெடியன் பஸ்காரன், எந்தப் பெடியன் சைக்கிள்காரன் என்று தெரிந்து வைத்திருந்தால் பிற்பாதியில் எந்தப் பக்கம் இடியும் என்று சொல்லிவிடலாம். இந்த முறை இடது பக்கத்தில் மூன்று பேரும் பஸ்காரர்.

அத்தோடு கேட்க வேண்டியது, ஒரு பாதிக்கு எத்தனை நிமிடம். ஒரே நாளில் பல ஆட்டம் வைக்கிற வலயப் போட்டிகளில் பாதியைக் குறுக்கிவிடுவார்கள். அங்கே எங்களுக்கு வாசி. சனிக்கிழமைக்கு 40 நிமிடப் பாதி என்று பேசியிருக்கிறார்கள். எங்களுக்கு அது பத்து நிமிடம் அதிகம்.

கீப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கோல் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். மூலைக்குப் போகிற பந்தை எந்தக் கீப்பரும் எல்லா நேரமும் பிடிக்க மாட்டான். கோல் உதை எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். பத்துத் தரத்தில் ஆறு தரம் தன் ஆளுக்குப் போனால் நல்ல கீப்பர். எங்கள் கீப்பருக்கு இன்னொரு பழக்கம், பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பது. 2025 ஜூலையிலிருந்து சட்டம் மாறிவிட்டது. எட்டு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர் கிக். கடைசி ஐந்து வினாடியை மத்தியஸ்தர் கையை உயர்த்தி எண்ணிக் காட்ட வேண்டும். மத்தியஸ்தர் இதைக் கறாராகப் பார்க்கிறவரா என்று மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கறாரானவர் என்றால் எதிரணிக்கு இரண்டு கோணர் சும்மா போகும் என்று எழுதி வையுங்கள்.

நிலமும் பந்தும்

இது என் தொழில், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மைதானத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை சுற்றி நடங்கள். எங்கள் பக்கத்து மைதானங்கள் பாதி கிரவல், பாதி புல். ஆடி மாதத்தில் புல் காய்ந்து நிலம் தகரம் மாதிரி இருக்கும். மாடு படுத்த இடம், மழைக்கு மாட்டுக் குளம்பு பதிந்து அப்படியே இறுகின இடம், நெருஞ்சி படர்ந்த மூலை, இதெல்லாம் எங்கே என்று மனதில் படம் போட்டுக்கொள்ளுங்கள். தேற்றமாகச் சொல்கிறேன், கோலுக்கு முன்னால் குளம்பு பதிந்திருந்தால் அந்தப் பக்கத்தில் கீப்பருக்கு ஒரு பந்தாவது துள்ளித் தப்பும்.

அப்புறம் பந்து. சட்டப்படி சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். காற்று சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 இறாத்தல் வரை இருக்கலாம். எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள்! இரண்டு எல்லைக்கும் நடுவில் வேறு வேறு ஆட்டமே இருக்கிறது. காய்ந்த நிலத்தில் 13, 14 என்று அடித்தால் பந்து தரையில் நிற்காது. காலில் வேலை தெரிந்தவனும் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பான், ஓட்டக்காரனுக்கு வாசி. 9 இறாத்தலில் வைத்தால் பந்து காலோடு கிடக்கும், சின்னச் சின்னப் பாஸ் கொடுக்கிறவர்களுக்கு வாசி. காலையில் நிழலில் அடித்த பந்து மத்தியானம் முழுக்க வெயிலில் கிடந்தால் காற்று இன்னும் கூடும். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் மத்தியஸ்தர் பந்தைத் தரையில் போட்டுப் பார்க்கும்போது நீங்களும் பாருங்கள். இடுப்புக்கு மேல் வந்தால் நீளப் பந்து ஆட்டம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் பாஸ் ஆட்டம்.

ஊசியை எச்சில் தொடாமல் காய்ந்தபடி செருகுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வால்வ் கிழிகிறது. மாதத்துக்கு மூன்று பந்து இப்படித்தான் என்னிடம் வருகிறது.

காற்று

ஆடி ஆவணியில் வன்னியில் மட்ச் பார்க்கிறவர் காற்றைப் பார்க்காமல் கணித்தால் அது கணிப்பே இல்லை. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிற இந்தக் காற்று மத்தியானத்தில்தான் உச்சம். வெயில் சாயச் சாய அதுவும் அடங்கும். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காக நீண்டது. நாலு மணிக்குத் தொடங்குகிற ஆட்டத்தில் முதல் பாதியில் கிழக்குக் கோலை நோக்கி அடிக்கிற அணிக்குப் பின்னாலிருந்து காற்று தள்ளும். பிற்பாதியில் பக்கம் மாறும்போது காற்றின் பலம் போய்விடும். கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத மாதிரி.

நாணயம் சுண்டி வென்றவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது முதல் உதையை எடுக்கலாம். 2019இல் வந்த மாற்றம் அது. அதற்கு முந்திப் பல வருடம் பக்கத்தை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும். எங்கள் கப்டன் வென்றால் முதல் உதையைக் கேட்கிற பழக்கம் வைத்திருக்கிறான். தொலைக்காட்சியில் பார்த்தது. “தம்பி, ஆடி மாசத்திலே காற்றைக் கேள்” என்று மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. சூரியன் மட்டும் எதிர்க்கணக்குப் பார்க்கும்: பிற்பாதியில் கிழக்குக் கோலில் நிற்கிற எங்கள் கீப்பருக்கு வெயில் முகத்தில் அடிக்கும். அதற்கு ஒரு தொப்பி போதும், கீப்பர் போடலாம். காற்றுக்குத் தொப்பி இல்லை.

காற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் கச்சான் கடலை வறுக்கிற அக்காவைப் பாருங்கள். அடுப்பை எந்தப் பக்கத்துக்கு மறைத்துத் தகரம் வைத்திருக்கிறாரோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று. இடைவேளையில் தகரத்தைத் தள்ளி வைத்துவிட்டார் என்றால் காற்று விழுந்துவிட்டது. (எங்கள் பக்கத்தில் சிலர் மேல்காற்றையும் கச்சான் என்பார்கள். கச்சானிலே கச்சான் வறுக்கிறார் என்று அக்காவுக்குச் சொன்னால் சிரிக்க மாட்டார், பல தரம் கேட்டுவிட்டார்.)

வருகிறவர்களை எப்படி எடைபோடுவது

மன்னார்ப் பெடியளை ஒருபோதும் குறைவாக நினைக்காதீர்கள். அங்கே உதைபந்தாட்டம் பள்ளிக்கூடத்தில் தொடங்குவதில்லை. பேசாலையிலும் வங்காலையிலும் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே கடற்கரை மணலில் பந்து கிடக்கும். இலங்கை தேசிய அணியின் பின்வரிசையில் ஆடிய டக்சன் பியூஸ்லஸ் மன்னார்க்காரர். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் அவர் இறந்த செய்தி வந்த அன்று என் கடையில் ஒருவரும் கதைக்கவில்லை. அவர் எங்களுக்கு எதிரணி ஊர்க்காரர்தான். என்றாலும் எங்கள் ஆள்.

மணலில் வளர்ந்த காலுக்கு ஒரு இயல்பு உண்டு. மணலில் பந்து உருளாது, துள்ளாது. அதனால் பந்தைக் காலோடு ஒட்டி வைத்திருக்கவும் முன்காலால் தூக்கிக் கொடுக்கவும் அவர்களுக்கு நன்றாக வரும். கெண்டைக்காலும் பலம், கடைசி நிமிடம்வரை ஓடுவார்கள். ஆனால் எங்கள் கிரவலில் பந்து அவர்கள் நினைத்ததை விட இரண்டடி கூடுதலாக ஓடும். அது பழகும்வரை ஒரு கால் மணித்தியாலம் அவர்கள் தடுமாறுவார்கள். எங்களுக்குக் கோல் அடிக்கக் கிடைக்கிற நேரம் அதுதான். அதற்குப் பிறகு அவர்கள் நிலத்தைப் படித்துவிடுவார்கள்.

பயணத்தையும் பாருங்கள். ஏ32 வீதியால் வந்து வெள்ளாங்குளத்தில் திரும்பி, துணுக்காய், மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று வன்னியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும். விடியவே வெளிக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி வந்து சேர்ந்து, ஒரு மரத்தடியில் படுத்து எழும்பினார்கள் என்றால் களைப்பு ஒன்றும் இருக்காது. மூன்றரைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சப்பாத்துக் கட்டினார்கள் என்றால் முதல் இருபது நிமிடம் கால் கட்டையாக இருக்கும். பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று, மடு மாதா கோயில். ஆகஸ்ட் 15 ஆவணித் திருநாளுக்கு முன்னைய நாட்களில் மன்னார்க் குடும்பங்கள் பல அங்கே கூடாரம் அடித்துத் தங்கிவிடும். போட்டி அந்தக் கிழமையில் வந்தால் அவர்களுடைய அணியில் யார் மடுவில், யார் வீட்டில் என்று பார்க்க வேண்டும். நாங்கள் நெல்லுக்கு ஆள் விடுகிற மாதிரி அவர்கள் மாதாவுக்கு ஆள் விடுவார்கள்.

சரி, இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்

எல்லாவற்றையும் சேர்த்து நான் கணிப்பது இது. நாணயத்தை வென்று காற்றை எடுத்தால் முதல் பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு கோல் எங்களுக்கு விழும், வலது பக்கத்தால். அங்கே இரண்டு சைக்கிள்காரர் இருக்கிறார்கள், ஒருவன் தண்ணீரூற்று, மற்றவன் என் கடைக்குப் பின்வீடு. இடைவேளை வரை தாங்குவோம். 55ஆவது நிமிடத்திலிருந்து எங்கள் இடது பக்கம் நடக்கத் தொடங்கும், அங்கேதான் அவர்கள் வருவார்கள். ஒன்றுக்கு ஒன்று. மாஸ்டர் ஐம்பதாவது நிமிடத்திலேயே இடது பின்வரிசைப் பெடியனை மாற்றிவிட்டால் இரண்டுக்கு ஒன்று, எங்களுக்கு. மாற்ற மாட்டார், அந்தப் பெடியன் கப்டனின் மச்சான்.

கப்டன் திரும்பவும் முதல் உதையைக் கேட்டால் ஒன்றுக்கு இரண்டு, அவர்களுக்கு. இந்த முறை ஒட்டுக் காசில் சவால் ஒன்றும் இல்லை.

நெட்டையனின் தம்பிதான் இப்போது நடுப் பின்வரிசை. அவர்கள் வயல் போன கிழமையே வெட்டியாகிவிட்டது, நெல்லும் மூட்டையில் ஏறிவிட்டது, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தகப்பனிடம், “சனிக்கிழமை வேற வேலை ஒன்றும் வைக்காதேங்கோ” என்று சொல்லியும் இருக்கிறேன். “மழை வராட்டிப் பாப்பம்” என்றார். மூட்டையில் கட்டின நெல்லுக்கு மழை என்ன செய்யும் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு மட்ச் பந்தை யாராவது கடைக்குக் கொண்டு வாருங்கள். 10 இறாத்தலில் வைத்துத் தருகிறேன். வரும்போது ஊசியும் கொண்டு வாருங்கள், என்னுடையதை யாரோ கொண்டு போய்விட்டார்கள்.